விண்மீன் பிறப்பில் ஏன் இந்தத் தாமதம்?

ஒரு சிறு கணக்கு. நம் பால்வழி மண்டலத்தில் விண்மீன்களாக மாறத் தக்க குளிர்ந்த மூலக்கூறு வாயு ஏறத்தாழ 100 கோடி சூரிய நிறை அளவுக்கு இருக்கிறது. அது முகில் முகிலாகத் திரண்டு கிடக்கிறது. அந்த முகில்களை அவற்றின் சொந்த ஈர்ப்பின் போக்கிலேயே விட்டால், 30 முதல் 40 லட்சம் ஆண்டுகளுக்குள் சரிந்து ஒடுங்கிவிடும். அப்படி நடந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 சூரியன் அளவுக்குப் புது விண்மீன்கள் உண்டாக வேண்டும். உண்மையில் உண்டாவதோ ஆண்டுக்கு இரண்டு சூரியன் அளவுதான். நூற்றில் ஒரு பங்கு கூடத் தேறவில்லை.

1974-இல் பென் சக்கர்மன், நீல் எவன்ஸ் போன்றோர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். அன்று தொடங்கிய கேள்வி இன்னும் தீரவில்லை: ஈர்ப்பைத் தடுத்துக்கொண்டிருப்பது எது? ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் 'காந்தப்புலம்' என்று பெரும்பாலோர் சொன்னார்கள். அடுத்த கால் நூற்றாண்டில் 'வாயுவின் கொந்தளிப்பு' என்று சொன்னார்கள். இரண்டு பதில்களுக்கும் சான்று உண்டு, இரண்டிலும் ஓட்டை உண்டு. அந்த வழக்கு எங்கே தொடங்கி இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதைப் பார்க்க முயல்கிறேன்.

முதலில் முகிலைப் பற்றி. மார்கழி இரவில் கிழக்கே எழும் ஓரியன் கூட்டத்தில் திருவாதிரை விண்மீனை நம்மவர்கள் பலரும் அடையாளம் காட்டுவார்கள். அதே திசையில், பூமியிலிருந்து சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய வாயுமுகில் இருக்கிறது. அதன் ஒரு மூலை மட்டும் இளம் விண்மீன்களின் வெளிச்சத்தில் ஓரியன் நெபுலாவாக ஒளிர்கிறது. மற்றதெல்லாம் இருட்டு, கடுங்குளிர். வெப்பநிலை 10 கெல்வின் அளவு, அதாவது மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். அங்கே பெரும்பங்கு ஹைட்ரஜன் மூலக்கூறுதான் என்றாலும், அந்தக் குளிரில் ஹைட்ரஜன் எதையும் உமிழாது. எனவே அதோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடைப் பார்த்துத்தான் முகிலை அறிகிறோம். 1970-இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் மூவரும் அமெரிக்காவின் கிட் பீக் மலையிலிருந்து, ஓரியன் திசையில், 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் அதன் குரலை முதன்முதலில் பிடித்தார்கள்.

சிக்கல் உடனே தென்பட்டது. 10 கெல்வின் குளிரில் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.2 கிலோமீட்டர்தான். வாயு அமைதியாக இருந்தால் நிறமாலைக் கோடு அந்த அளவுக்குத்தான் விரிந்திருக்க வேண்டும். ஆனால் கோடுகள் விநாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்துக்குரிய அகலத்தோடு இருந்தன. முகிலுக்குள் வாயு ஒலியைப் போல ஐந்து, பத்து, இருபது மடங்கு வேகத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் சொல்ல முடியவில்லை.

வாயு தன் எடையாலேயே நொறுங்கி விழுவதற்கான வரம்பை 1902-இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் வகுத்திருந்தார். வெப்ப அழுத்தம் தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் எல்லை உண்டு. 10 கெல்வினில், கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் மூலக்கூறு இருக்கும் இடத்தில், அந்த எல்லை சில சூரிய நிறைதான். முகில்களோ ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் சூரிய நிறை கொண்டவை. வெப்பம் மட்டும் அவற்றைத் தாங்காது. வேறு ஏதோ ஒன்று தாங்க வேண்டும், அல்லது எதுவும் தாங்காமல் அவை விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்த 'வேறு ஏதோ ஒன்று' எதுவாக இருக்கலாம் என்ற இரண்டு வழிகளையும் முகில்கள் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே எழுதிவைத்தவர் ஒருவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் வழியாக சிகாகோ போன சுப்ரமணியன் சந்திரசேகர்தான் அவர். வெள்ளைக்குள்ள விண்மீன்களின் நிறை வரம்புக்காகவே நாம் அவரைக் கொண்டாடுகிறோம். 1951-இல், கொந்தளிக்கும் ஊடகம் ஈர்ப்பால் எப்போது சரியும் என்ற கணக்கை அவர் வெளியிட்டார். கொந்தளிப்பும் ஓர் அழுத்தம் போல வேலை செய்யும், ஜீன்ஸ் வரம்பை அது உயர்த்தும் என்பது அதன் சாரம். இரண்டு ஆண்டு கழித்து, 1953-இல், என்ரிகோ ஃபெர்மியோடு சேர்ந்து காந்தப்புலத்தை எடுத்துக்கொண்டார். கொந்தளிப்பு ஒரு கையில், காந்தம் மறு கையில். பின்னால் இரண்டு முகாம்களாகப் பிரிந்து வாதாடியவர்கள் எல்லோருக்கும் மூல வரிகள் அவரிடமே கிடைக்கின்றன.

1953 கட்டுரை மூன்று பக்கம்தான். அதன் எளிமை இன்று படித்தாலும் வியக்கவைக்கிறது. விண்மீன் ஒளி நம்மை வந்தடையும்போது லேசான தளவிளைவுக்கு ஆளாகியிருப்பதை 1949-இல் ஹில்ட்னரும் ஹாலும் கண்டிருந்தார்கள். இடையே இருக்கும் தூசுத் துகள்கள் காந்தப்புலத்துக்கு ஏற்ப வரிசையாக நிற்பதால் இது நேர்கிறது. எனவே ஒளியதிர்வின் தளம் காந்தக் கோட்டின் திசையைக் காட்டிக்கொடுக்கும். சந்திரசேகரும் ஃபெர்மியும் கேட்டது இது: காந்தக் கோடு இழுத்துக் கட்டிய வீணைத் தந்தி போன்றது. கொந்தளிக்கும் வாயு அதை அசைக்கிறது. தந்தி இறுக்கமாக இருந்தால் குறைவாக வளையும், தளர்ந்திருந்தால் அதிகமாக வளையும். வளைவின் அளவும் வாயுவின் வேகமும் அடர்த்தியும் தெரிந்தால் தந்தியின் இறுக்கம், அதாவது புலத்தின் வலிமை, கிடைத்துவிடாதா? கிடைத்தது: 7.2 மைக்ரோகாஸ். பூமியின் காந்தப்புலம் அரை காஸ் அளவு. அதில் ஏறத்தாழ எழுபதாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய புலம், இவ்வளவு மெல்லிய வாயுவைத் தாங்கப் போதும்.

1956-இல் மெஸ்டலும் ஸ்பிட்சரும் அந்தப் புலமே விண்மீன் பிறப்பைத் தடுக்கும் அளவுக்கு வலியது என்றார்கள். அடிப்படை, ஆல்வேன் 1942-இல் திறந்துவைத்த காந்தப்பாய்ம இயற்பியல்: மின்கடத்தும் வாயுவில் காந்தக் கோடுகள் உறைந்து கிடக்கும், வாயு நெருங்கினால் கோடுகளும் நெருங்கும், நெருங்கிய கோடுகள் திமிறும். 1976-இல் மவுஸ்கோவியாஸும் ஸ்பிட்சரும் இதற்கு ஒரு துல்லியமான வரம்பு கொடுத்தார்கள். முகிலின் நிறையை அதன் ஊடே செல்லும் காந்தப் பாயத்தால் வகுத்தால் வரும் எண் ஒரு மாறுநிலை மதிப்பைவிடக் குறைவாக இருந்தால், வெளியிலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் ஈர்ப்பு வெல்லாது. கூடுதலாக இருந்தால் காந்தம் தோற்கும்.

ஆனால் விண்மீன்கள் பிறக்கத்தான் செய்கின்றன. எனவே காந்தம் எங்கோ விட்டுக்கொடுக்க வேண்டும். முகிலின் உட்பகுதியில் ஒரு கோடி மூலக்கூறுக்கு ஒன்று என்ற அளவில்தான் அயனிகள் உண்டு. அவற்றையும் காஸ்மிக் கதிர்கள்தான் உண்டாக்குகின்றன. காந்தம் நேரடியாகப் பிடித்திருப்பது அந்த அயனிகளை மட்டுமே. மற்ற மூலக்கூறுகள் அயனிகளோடு மோதி மோதித்தான் நிற்கின்றன. அந்த மோதலை மீறி அவை மெல்ல மெல்ல நழுவி உள்ளே இறங்கும். மடை அடைத்த பிறகும் மண் இடுக்கில் நீர் கசிவதைப் போன்றது இது. இதற்கு ஆம்பிபோலார் விரவல் என்று பெயர். இந்தக் கசிவுக்கு ஆகும் காலம் சரிவுக் காலத்தைப் போலப் பத்து மடங்கு. தாமதத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. 1987-இல் ஷூ, ஆடம்ஸ், லிசானோ மூவரும் எழுதிய பெரும் ஆய்வுரை இதை முழுச் சித்திரமாக்கியது. அடுத்த பல ஆண்டுகள் மாணவர்கள் அதைத்தான் படித்தார்கள். கொந்தளிப்புக்கும் அதில் இடம் இருந்தது. ஒலியை மிஞ்சிய அசைவுகள் உண்மையில் காந்தக் கோடுகளில் ஓடும் ஆல்வேன் அலைகளே, அவை எளிதில் தேயாது என்று 1975-இலேயே ஏரன்ஸும் மாக்ஸும் சொல்லியிருந்தார்கள்.

முதல் அடி 1998-இல் விழுந்தது. கணினிகள் முப்பரிமாணத்தில் கணக்கிடும் அளவுக்கு வளர்ந்திருந்தன. மாக் லோ தலைமையிலான குழுவும், ஸ்டோன், ஆஸ்ட்ரைக்கர், காமி குழுவும் தனித்தனியே ஒரே சோதனையைச் செய்து பார்த்தன: காந்தம் ஊடுருவிய வாயுவைக் கலக்கிவிட்டு, பிறகு சும்மா விட்டால் கொந்தளிப்பு எவ்வளவு காலம் தாங்கும்? ஓர் ஓட்டம் முகிலை ஒரு முறை கடக்க ஆகும் காலத்திலேயே பெரும்பகுதி ஆற்றல் தீர்ந்துபோனது. காந்தப்புலம் வலுவாக இருந்தபோதும் அப்படியே. தேயாத ஆல்வேன் அலை என்ற நம்பிக்கை அத்தோடு போயிற்று. மூன்று ஆண்டு கழித்து, காளைக் கூட்டத்து முகில்களைப் பார்த்த ஹார்ட்மன் குழு இன்னொரு கேள்வி எழுப்பியது: முகில்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கசிந்து காத்திருக்கின்றன என்றால், அங்கே ஏன் வயது முதிர்ந்த விண்மீன்கள் இல்லை? இருப்பவை எல்லாம் சில லட்சம் முதல் சில மில்லியன் ஆண்டு வயதுடைய இளங்குஞ்சுகளே.

கொந்தளிப்பின் பக்கத்தில் அதற்குள் வேறு சான்றுகள் சேர்ந்திருந்தன. 1981-இல் ரிச்சர்ட் லார்சன் அதுவரை வந்த அளவீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். முகில் பெரிதாகப் பெரிதாக அதன் உள்வேகம் ஓர் ஒழுங்கோடு கூடுகிறது. அளவின் 0.38 அடுக்குக்கு ஏற்ப வேகம் உயர்கிறது. கொல்மொகொரோவ் 1941-இல் சாதாரணக் கொந்தளிப்புக்குச் சொன்ன மூன்றில் ஒன்று என்ற அடுக்குக்கு அது மிக அருகே இருந்தது. பின்னர் வந்த அளவீடுகள் அடுக்கு அரைக்குப் பக்கம் என்றன. அதிர்ச்சி அலைகள் நிறைந்த, ஒலியை மிஞ்சிய கொந்தளிப்புக்குப் பொருந்துவதும் அந்த அரைதான். பெரிய சுழல் சிறிய சுழலுக்கு ஆற்றலைக் கைமாற்றிக்கொண்டே போகும் அருவி போன்ற ஓட்டம், நூறு ஒளியாண்டு அளவிலிருந்து ஓர் ஒளியாண்டுக்குக் கீழே வரை தொடர்கிறது.

கொந்தளிப்பின் முக்கியமான இயல்பு, அது இரண்டு வேலையையும் செய்கிறது என்பது. பெரிய அளவில் முகிலைக் கலக்கி விழவிடாமல் வைக்கிறது. அதே ஓட்டங்கள் மோதும் இடத்தில் வாயுவை நூறு மடங்கு அமுக்கி ஈர்ப்பின் கையில் ஒப்படைக்கவும் செய்கிறது. தயிர் கடையும் மத்து மோரைச் சுழற்றவும் செய்யும், வெண்ணெயைத் திரட்டவும் செய்யும். திரளும் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்கிடலாம். ஒலியை மிஞ்சிய கொந்தளிப்பில் அடர்த்திகள் எப்படிப் பரவியிருக்கும் என்பது கணினி மாதிரிகளிலிருந்து தெரியும். அந்தப் பரவலின் அகலம் மாக் எண்ணை, அதாவது ஓட்டம் ஒலியைப் போல எத்தனை மடங்கு வேகமானது என்பதைப் பொறுத்தது. கலக்கும் விசை சுழற்றுகிறதா, அமுக்குகிறதா என்பதையும் அது பொறுத்திருக்கிறது என்று கிறிஸ்டோஃப் ஃபெடராத் முதலானோர் காட்டினார்கள். 2005-இல் குரும்ஹோல்ஸும் மெக்கியும் இந்த வழியில் போட்ட கணக்கில், ஒரு சரிவுக் காலத்துக்குள் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கு வாயுதான் விண்மீனாகும் என்று வந்தது. முதல் பத்தியில் பார்த்த அந்த நூற்றில் ஒன்று.

கொந்தளிப்பு ஓயும் எல்லையும் ஒன்று உண்டு. அளவு குறையக் குறைய வேகமும் குறைந்து, ஏதோ ஓர் இடத்தில் ஒலி வேகத்துக்குச் சமமாகும். அது ஒளியாண்டில் மூன்றில் ஒரு பங்கு அளவில் நேர்கிறது. அதற்குக் கீழே வாயு அடங்கிவிடும். பார்னார்ட் 68 என்ற சிறு கரும்முகிலை 2001-இல் ஆல்வெஸ், சார்லஸ் லாடா, எலிசபெத் லாடா மூவரும் அளந்தபோது, வெப்ப அழுத்தமே தாங்கி நிற்கும் அமைதியான உருண்டைக்குப் பாடப்புத்தகம் சொல்லும் அடர்த்திக் கோட்டில் அது அச்சு மாறாமல் உட்கார்ந்திருந்தது. புயலின் நடுவே ஒரு குளத்து நீர். 2021-இல் ஃபெடராத் குழு, ஒவ்வொரு பக்கமும் பத்தாயிரத்துக்கு மேல் கட்டங்கள் கொண்ட மாபெரும் கணினி மாதிரியில் இந்த எல்லையை நேரடியாகவே காட்டியது.

ஆகக் கொந்தளிப்பு வென்றுவிட்டதா? இல்லை என்றே நினைக்கிறேன். அது ஒரு கடக்கும் காலத்தில் தேய்ந்துவிடும் என்றால் யாராவது திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும். சூப்பர்நோவா வெடிப்புகள், மண்டலத்தின் சுழற்சி, பிறந்த விண்மீன்கள் பீய்ச்சும் தாரைகள், விழும் வாயுவின் சொந்த ஈர்ப்பு என்று பல பேரைச் சொல்கிறார்கள். எது எங்கே முதன்மை என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. முகில் உண்மையில் தாங்கப்படவே இல்லை, எல்லா அளவிலும் சரிந்துகொண்டுதான் இருக்கிறது, நாம் கொந்தளிப்பு என்று அளப்பதில் பெரும்பகுதி அந்தச் சரிவின் வேகம்தான் என்று வாஸ்கெஸ்-செமாதெனியும் பாயெஸ்தெரோஸ்-பரேதெஸும் வாதிடுகிறார்கள். அந்தப் பார்வையில் தாமதத்துக்குக் காரணம், முதலில் பிறக்கும் பெரிய விண்மீன்கள் மிச்ச வாயுவை ஊதித் தள்ளிவிடுவதுதான்.

காந்தத்தின் உண்மையான பங்கை அளவீடுதான் சொல்ல வேண்டும். அந்த அளவீடு கடினமானது. வலிமையை நேரடியாகத் தருவது சீமன் விளைவு ஒன்றே. காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடு மிக நுண்ணிய அளவில் பிளவுபடும். ஆனால் நம் பார்வைத் திசையில் இருக்கும் புலக்கூறு மட்டுமே அதில் தெரியும். ரிச்சர்ட் கிரட்சர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்குக் கொடுத்தார். அவரும் டிராலண்டும் ஆரசிபோ தொலைநோக்கியில் நூற்றுக்கணக்கான மணிநேரம் செலவிட்டு கருமுகில்களின் 34 அடர்ந்த கருக்களைப் பார்த்தார்கள். அவற்றில் உறுதியாகக் கிடைத்தது ஒன்பதில்தான். அந்த ஆரசிபோ 2020 டிசம்பரில் இடிந்து விழுந்ததை இந்தத் துறையினர் சொந்த வீட்டு இழப்பாக உணர்ந்ததில் வியப்பில்லை.

2010-இல் கிரட்சர் தொகுத்த முடிவு: கன சென்டிமீட்டருக்கு 300 துகளுக்குக் குறைவான மெல்லிய வாயுவில் புலம் அடர்த்தியோடு கூடவில்லை, பத்து மைக்ரோகாஸுக்குள் நிற்கிறது. அதற்கு மேல் அடர்த்தியின் 0.65 அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. அடர்ந்த கருக்கள் சராசரியாக மாறுநிலையைவிட இரண்டு மடங்கு நிறை கொண்டவை. அதாவது காந்தம் அங்கே ஏற்கெனவே தோற்றுவிட்டது, ஆனால் அற்பமாகத் தோற்கவில்லை. ஓராண்டு முன்பு அவர் இன்னொரு சோதனையும் செய்திருந்தார். கசிவுக் கொள்கை சரியென்றால் கருவில் நிறை-பாய விகிதம் சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நான்கு முகில்களில் பார்த்தார். எதிர்மாறாக இருந்தது. அளவீட்டை விளக்கும் முறையே தவறு என்று மவுஸ்கோவியாஸ் கடுமையாக மறுத்தார். நான்கு முகில்களை வைத்து ஒரு கொள்கையைப் புதைக்க முடியாது என்பது என் எண்ணமும். ஆனால் 2022-இல் சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கி காளைக் கூட்டத்து எல்1544 முகிலின் வெளிப்புறத்தில் 4 மைக்ரோகாஸ் மட்டுமே அளந்தபோது, தராசு மேலும் சாய்ந்தது. கரு உருவாவதற்கு முன்பே, வெளி உறையிலேயே, காந்தம் பிடியை விட்டிருந்தது. பழைய கொள்கை எதிர்பார்த்த நீண்ட கசிவுக்கு அங்கே வேலையில்லை.

அப்படியானால் காந்தம் வெறும் பார்வையாளரா? அதுவும் இல்லை. 2009-இல் ஏவப்பட்ட பிளாங்க் செயற்கைக்கோள் வானம் முழுவதற்கும் தூசின் தளவிளைவைப் படமாக்கியது. அருகிலுள்ள பத்து முகில்களில் ஒரே வகை ஒழுங்கு தென்பட்டது: மெல்லிய வாயு இழைகள் காந்தக் கோடுகளுக்கு இணையாக ஓடுகின்றன, அடர்ந்த இழைகள் செங்குத்தாகத் திரும்பி நிற்கின்றன. வலுவற்ற புலமாக இருந்தால் கொந்தளிப்பு அதைச் சிக்கலாக்கிப் போட்டிருக்கும், இந்த ஒழுங்கு வந்திராது. வாயு கோடுகளின் வழியே ஓடிவந்து குறுக்கே வரப்பு போலக் குவிகிறது. இன்னும் உள்ளே போனால், பெர்சியஸ் முகிலில் ஐராஸ் 4ஏ என்ற குழந்தை விண்மீனைச் சுற்றி 2006-இல் ஹிரார்ட் குழு கண்ட காட்சி இருக்கிறது. காந்தக் கோடுகள் நடுவில் ஒடுங்கி இருபுறமும் விரிந்து, அப்படியே உடுக்கை வடிவில் நின்றன. ஈர்ப்பு இழுக்க, காந்தம் இழுபட்டாலும் அறுபடாமல் எதிர்க்கும் காட்சி அது. எல்லா இடத்திலும் இவ்வளவு அழகாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்னர் பார்த்த பல கருக்களில் கோடுகள் குழம்பியே கிடக்கின்றன.

எண்களில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. ஓரியனின் அடர்ந்த மையத்துக்கு ஹவாயின் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கியில் பிஸ்ட்ரோ குழு 2017-இல் தந்த மதிப்பு 6.6 மில்லிகாஸ், பிழை 4.7. விமானத்தில் பறந்த சோஃபியா தொலைநோக்கி அதே பகுதிக்குத் தந்தது ஏறத்தாழ 1 மில்லிகாஸ். இரண்டும் 1953-ஆம் ஆண்டு மூன்று பக்கக் கட்டுரையின் வழிமுறையையே பின்பற்றியவை. காந்தத்தின் ஆற்றல் புலத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே ஆறு மடங்கு வேறுபாடு என்பது ஆற்றலில் நாற்பது மடங்கு. இவ்வளவு இடைவெளி இருக்கும்போது எந்த முகாமும் வெற்றி முரசு கொட்ட முடியாது.

இவை எல்லாவற்றையும் பார்த்தபின் என் தீர்ப்பு இதுதான். காந்தம் முகிலைப் பிடித்து நிறுத்தும் மதகு அல்ல, அதை நெறிப்படுத்தும் வாய்க்கால் கரை. எங்கே குவிய வேண்டும், எத்தனை துண்டாக உடைய வேண்டும் என்பதில் அதன் கை இருக்கிறது. கருவின் சுழற்சியைத் தணித்து, கோண உந்தத்தை வெளியே கடத்தி, வாயு மையம் வரை போக வழிவிடுவதும் அதுதான். விண்மீனிலிருந்து தாரைகள் பாய்வதும் அதனால்தான், அந்தத் தாரைகள் திரும்ப வாயுவைக் கலக்குகின்றன. 2015-இல் ஃபெடராத் செய்த கணினிச் சோதனையில் கொந்தளிப்பு, காந்தம், தாரைகள் ஒவ்வொன்றும் விண்மீன் பிறப்பை இரண்டு மூன்று மடங்கு குறைத்தன. மூன்றும் சேர்ந்தபோதுதான் உண்மைக்கு அருகே எண் வந்தது.

மண்டலத்தின் மையத்துக்கு அருகே 'செங்கல்' என்று பெயர் வாங்கிய ஒரு முகில் இருக்கிறது. லட்சம் சூரிய நிறைக்கு மேல் அடர்ந்த வாயு, ஆனால் விண்மீன் ஏறத்தாழ இல்லை. அங்கே 2015-இல் துஷாரா பிள்ளை குழு ஒழுங்கான, வலுவான காந்தப்புலத்தைக் கண்டது. 2016-இல் ஃபெடராத் குழு, அங்குள்ள கொந்தளிப்பு அமுக்குவதைவிடச் சுழற்றும் வகை என்றது. இரண்டில் எது அந்த முகிலை மலடாக வைத்திருக்கிறது என்று இன்றைய தரவால் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரிக்க வேண்டுமானால் காந்தப்புலத்தின் மூன்றாம் பரிமாணம் வேண்டும். பல்வேறு தொலைவுகளில் உள்ள லட்சக்கணக்கான விண்மீன்களின் தளவிளைவை, கையா செயற்கைக்கோள் தந்த தொலைவுகளோடு சேர்த்தால் அது கிடைக்கும். அந்த நோக்கத்துக்கான பாசிஃபே திட்டத்தின் தளவிளைவுமானிகளை உருவாக்கும் பணி நம் நாட்டில், புணேயின் ஐயூகா நிறுவனத்தில் நடக்கிறது. பிளாங்க் எடுத்த வரைபடங்கள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. இயற்பியல் படிக்கும் நம் மாணவர்கள் அவற்றைத் தரவிறக்கி, ஓரியனின் காந்தக் கோடுகளை ஒருமுறை தாங்களே வரைந்து பார்க்க வேண்டும். சந்திரசேகர் பயன்படுத்திய சமன்பாட்டுக்குக் கல்லூரிக் கணிதமே போதும்.